பூஜ்யத்தில் சிக்கிய கணவாய்

இவாசே மிஹோ நான்கு வருஷமாகச் சத்தத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஈர்ப்பு அலை ஆராய்ச்சி செய்கிறாள் என்றால், அவள் தினமும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் கருந்துளைகள் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளுடைய அப்பாவே அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில், ஜப்பானில் தொயாமா நகரத்தில் ஜன்னல் சரியாகச் சாத்தாத ஒரு மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, மலைக்குள் சுரங்கத்தில் இருக்கும் கருவி அனுப்பும் எண்களில் எதெல்லாம் அலை இல்லை என்று கழித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கடல் கொந்தளித்தால் கருவி துடிக்கும். பனி உருகி ஊற்று பெருகினால் துடிக்கும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் துடிக்கும்.

அதனால் ஒரே ஒரு கருவி துடித்தால் யாரும் சட்டை செய்வதில்லை. கடல் தாண்டி அமெரிக்காவில் இன்னொரு கருவி இருக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால்தான் பேச்சு. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கீழத்தெரு நாயும் மேலத்தெரு நாயும் சேர்ந்து குரைத்தால் திருடன் வந்துவிட்டான் என்று அர்த்தமில்லை, தற்செயலாகவும் சேர்ந்து குரைக்கும். தற்செயல் எத்தனை தடவை என்று தெரிந்தால்தான் திருடன் பேச்சையே எடுக்க முடியும். அதற்கு இந்தக் கூட்டம் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. ஒரு கருவியின் பதிவை ஐந்து விநாடி தள்ளிவைத்து மற்றதோடு பொருத்திப் பார்ப்பார்கள். இப்போது எது பொருந்தினாலும் அது பொய்தான். எந்த அலையும் இங்கே வந்துவிட்டு, நடுவில் டீ குடித்துவிட்டு, ஐந்து விநாடி கழித்து அங்கே போவதில்லை. பிறகு பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று தள்ளிக்கொண்டே போனால் பொய்கள் மூட்டை மூட்டையாகச் சேரும். அந்த மூட்டைக்குப் பெயர் பின்னணி. மிஹோவின் வாழ்க்கை முழுக்க அந்த மூட்டைக்குள்தான் ஓடியது.

தள்ளாத பதிவு, அதாவது நகர்வு பூஜ்யம், அதுதான் நிஜம். அதைத் தொடக்கூடாது. அதைப் பெட்டி என்பார்கள். எதை ஏற்பது, எதைக் கழிப்பது என்ற விதிகளையெல்லாம் பின்னணியை மட்டும் பார்த்துத் தீர்மானித்து, எழுதிக் கொடுத்து, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்று கூட்டத்தில் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். முன்னாலேயே பார்த்தவனுக்கு ஆசை வந்துவிடும், ஆசை வந்தவன் விதியை வளைப்பான், வளைப்பது அவனுக்கே தெரியாது என்பது இவர்களுடைய எண்ணம். மனிதர்களைப் பற்றி இவ்வளவு மட்டமாக நினைக்கும் கூட்டத்தை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம். ஆனால் அவர்கள் நினைப்பது சரிதான்.

பேராசிரியர் முராகோஷியின் ஆய்வகத்தில் பெட்டி திறக்கும் நாள் ஒரு சின்னத் திருவிழா. அவர் தன் கைக்காசில் மாசுசூஷி வாங்கி வருவார். வட்டமான மரப்பெட்டியில் மூங்கிலிலைக்குள் சோற்றை அமுக்கி மேலே டிரவுட் மீனை அடுக்கிய அந்த ஊர்ப் பண்டம். கணினியில் பெட்டி திறந்த பிறகுதான் இந்தப் பெட்டியையும் திறக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மிஹோவின் முறை டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை. ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்து, மார்ச்சில் பட்டம் வாங்கி, ஏப்ரலில் ஜெர்மனியில் ஹனோவரில் வேலைக்குச் சேரவேண்டும். எல்லாம் ஒன்றன் தலையில் ஒன்றாக நின்றது.

பக்கத்து மேஜை ஓகுடா தைச்சி. இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். நான்கு வருஷமாக உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

"மீன் ரெண்டு பெட்டி வாங்கச் சொல்லிருக்கேன். உன் பெட்டி காலியா இருந்தாலும் வயிறாவது நெறையும்ல" என்றான் ஓகுடா.

"வாயைக் கழுவு. காலியா இருந்தா அதுவும் ஒரு முடிவுதான்."

"நாலு வருஷம் தேடி ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு எங்க அம்மா போதும். அவங்க என் சாவிய அப்படித்தான் தேடுவாங்க."

மிஹோ சிரித்தாள். அவளுக்குக் காலிப் பெட்டியைப் பற்றிப் பயம் இல்லை. அவளிடம் ஒரு துருப்பு இருந்தது. பின்னணியில் கிடந்த பெரிய பொய்களில் ஒன்று மட்டும் உருவமே அச்சு அசலாக அலை மாதிரி இருந்தது. படமாக வரைந்தால் மேலே ஒரு குண்டுத் தலை, கீழே பரந்த கால்கள். வசந்தத்தில் தொயாமா விரிகுடாவில் மினுங்கும் கணவாய் மீன் மாதிரியே இருந்ததால் அவள் மனசுக்குள் அதைக் கணவாய் என்றே கூப்பிட்டாள். இப்படி ஒரு பொய் பின்னணியில் இருந்தால் நிஜ அலை வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே அதைக் கழிப்பதற்கென்றே மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விதி கண்டுபிடித்தாள். விதியைப் போட்டதும் கணவாய் காணாமல் போனது, பின்னணி பளிச்சென்று ஆனது. கூட்டத்தில் எண்களை மட்டும் காட்டினாள். முராகோஷியே தலையை ஆட்டினார். படத்தைக் கடைசி நாள் பேச்சுக்கென்று யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

அந்தப் பேச்சுக்காகத்தான் திங்கட்கிழமை காலை கணவாயைப் புதிதாக வரைய உட்கார்ந்தாள். வெளியே முதல் பனி, ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே இரண்டு கருவிகளும் அதைப் பதிவு செய்த நேரத்தைப் போடலாம் என்று மூலப் பதிவைத் திறந்தாள். இங்கே ஒரு நேரம். அங்கே ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவே ஐந்தின் மடங்காக ஏதோ ஒரு இடைவெளி இருக்கவேண்டும்.

இல்லை. இரண்டும் ஒரே விநாடி. கடலைத் தாண்ட ஓர் அலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அந்தக் கண்சிமிட்டல் அளவுதான் வித்தியாசம்.

மிஹோ தன் நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். கணினிக்காரர்கள் எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து. அவளும் அப்படியே பழகியவள். முதல் நகர்வுக்கு எண் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று, இப்படியே ஆயிரக்கணக்கில். எண்ணை ஐந்தால் பெருக்கினால் எத்தனை விநாடி தள்ளுவது என்று வரும். பூஜ்யத்தை ஐந்தால் பெருக்கினால் என்ன வரும் என்று ஒரு வருஷமாக அவளுக்குத் தோன்றவில்லை. பின்னணி மூட்டைக்குள் நிஜத்தையும் போட்டுக் கட்டியிருந்தாள். அவள் துரத்தித் துரத்திக் கழித்த கணவாய் பொய் மூட்டையிலிருந்து வந்ததல்ல. பெட்டிக்குள் இருந்தது.

எழுந்து போய்க் கழிப்பறையில் முகம் கழுவினாள், திரும்பி வந்தாள், மறுபடி கணக்குப் போட்டாள். அதே விடை.

"சாப்பிட வர்றியா?" என்றான் ஓகுடா.

"பசியில்ல."

"உனக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

அறையில் அவள் மட்டும். அவள் முன்னால் இருந்த வழிகள் எல்லாம் சுலபமானவை, அதுதான் பயங்கரம். ஓர் எழுத்தை மாற்றிப் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும். அவள் விதி கணவாயைக் கழித்துவிடுவதால் வெள்ளிக்கிழமை பெட்டி காலியாகத் திறக்கும், மீன் சாப்பிடுவார்கள், பட்டம் வரும், ஹனோவர் வரும். ஆனால் அந்தக் கணவாய் நிஜமாகவே ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்த அலையாக இருந்தால், அதைத் தன் கையால் கொன்று புதைத்தவள் ஆவாள். இன்னொரு வழி, அந்த விதியை ஏதோ சாக்குச் சொல்லி எடுத்துவிடுவது. பெட்டி திறந்ததும் கணவாய் எழுந்து நிற்கும், உலகமே அவள் பெயரைச் சொல்லும். ஆனால் பார்த்துவிட்டுக் காப்பாற்றிய அலைக்கு என்ன மதிப்பு? கழித்தாலும் குற்றம், காப்பாற்றினாலும் குற்றம். பார்த்த கண்ணைக் கழுவ வழியே இல்லை.

மூன்றாவது வழி சொல்லிவிடுவது. சொன்னால் தேடலை முதலிலிருந்து செய்யவேண்டிவரும், ஹனோவர் போய்விடும். அவளுக்கு அந்த வேலை வேண்டும், ரொம்ப வேண்டும். பனி நின்று வெயில் வரும்வரை நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு மாடியேறி முராகோஷியின் கதவைத் தட்டினாள். அவள் போனது நேர்மை பொங்கி வழிந்ததால் அல்ல. அந்தக் கணவாய் என்னவென்று தெரியாமல் வாழ்நாள் முழுக்க இருக்கமுடியாது என்று தோன்றியது, அதனால் போனாள்.

முராகோஷி குளிருக்குக் கால்களைப் போர்வையில் சுற்றிக்கொண்டு யாருடைய கட்டுரையையோ சிவப்பு மையால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சென்செய், பின்னணியில பூஜ்ய நகர்வும் கலந்திருக்கு. என் தப்பு. எண்ணும்போது பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "அப்போ பெட்டிய எட்டிப் பாத்துட்ட."

"தெரியாமத்தான் சென்செய்."

"தெரிஞ்சு பாத்தேன்னு எவன் சொல்லுவான். எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா. அதுல ஒரு பெரிய..."

"நிறுத்து!" முராகோஷி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். போர்வை கீழே விழுந்தது. "சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. உன் கண்ணு கெட்டது போதும், என் காதையும் கெடுக்காதே. இருந்துச்சா இல்லையா, பெரிசா சிறிசா, எதையும் மூச்சு விடக்கூடாது."

"ஆனா என்னோட விதி..."

"உன் விதியத் தூக்கிக் குப்பையில போடு. எதைப் பாத்து எழுதினேன்னு உனக்கே தெரியாது இப்போ." காதிலிருந்து கையை மெதுவாக எடுத்தார். "ஹனோவர்ல என்னிக்குச் சேரணும்?"

"ஏப்ரல்."

அவர் கீழே விழுந்த போர்வையை எடுத்து மடித்தார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் அவங்களுக்கு எழுதறேன். காத்திருப்பாங்கன்னு நம்பாதே" என்றார்.

அவர்கள் காத்திருக்கவில்லை. மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள், மரியாதையாக எழுதியதாலேயே மறுபடி கேட்க வழியில்லாமல் போனது. அன்று அவள் வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

தேடல் முழுவதும் ஓகுடாவின் தலையில் விழுந்தது. அவன் புதிதாகப் பின்னணி தயாரித்து, புதிதாக விதி எழுதி, தானே பெட்டியைத் திறக்கவேண்டும். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எண்ணத் தெரியாம நீ செஞ்ச வேலைக்கு நான் கூலியா? என் ஆய்வேட்ட யாரு எழுதுவா, உங்க அப்பாவா?"

"மன்னிச்சுடு."

"மன்னிப்பெல்லாம் வேணாம். மத்தியானம் கறிச்சோறு வாங்கிக் குடு."

அதுவும் நடக்கவில்லை. முராகோஷி புதுச் சட்டம் போட்டுவிட்டார். பெட்டி திறக்கும்வரை மிஹோவும் ஓகுடாவும் சேர்ந்து சாப்பிடக்கூடாது, ஒரே அறையில் உட்காரக்கூடாது. வாயைக் கட்டிவிடலாம், முகத்தைக் கட்டமுடியாது என்றார். ஓகுடா ஒரு விதியைச் சொல்லும்போது மிஹோவின் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், நாலு வருஷம் அந்த முகத்துக்கு எதிரே சோறு தின்றவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். மிஹோவின் மேஜை இரண்டாம் மாடிக்குப் போனது. அவள் பதினொன்றரைக்குச் சாப்பிட்டாள், அவன் ஒன்றரைக்குச் சாப்பிட்டான். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஆய்வகத்தில் மற்றவர்களுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது, சம்பந்தம் பேசி முறிந்தவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்தார்கள்.

இரண்டாம் மாடியில் உட்கார்ந்து அவள் ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்களை எழுதினாள். தன் பிழைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினாள். எப்படி நடந்தது, எப்படித் தெரிந்தது, எதையெல்லாம் கெடுத்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி, கணவாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டாள். அந்த மாதங்களில் உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பல் தேய்க்கும்போது அதன் நேரம் ஞாபகம் வரும், டிராமில் நிற்கும்போது வரும். அது நிஜம் என்று ஒரு நாள் தோன்றும், வெறும் துடிப்பு என்று மறுநாள் தோன்றும். யாரிடமும் கேட்கமுடியாது. பனி உருகி, கணவாய்க் காலம் வந்து போய், மழைக்காலம் தொடங்கியது.

ஓகுடா விதிகளை எழுதிக் கொடுத்து உறுதி சொன்ன பிறகு, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் எல்லோரும் கூடினார்கள். வெளியே ஒரே மழை. மாசுசூஷிப் பெட்டிகள் மேஜையில் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. மிஹோவைக் கடைசி வரிசையில், ஓகுடாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார் முராகோஷி. ஓகுடா விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

திரையில் பட்டியல் வந்தது. வலிமையானது முதலில். முதல் வரியில் இருந்த நேரத்தை மிஹோ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கணவாய். ஓகுடாவின் விதிகள் அதைக் கழிக்கவில்லை. நிஜம்தான் போலிருக்கிறது, நிஜம்தான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த இரண்டு மூன்று மூச்சு நேரம் அவள் இருந்த சந்தோஷத்தில் அதற்கு முன்னால் எப்போதும் இருந்ததில்லை.

முராகோஷி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதே வரியில் அடுத்த கட்டத்தைப் படித்தார். "இவ்வளவு வலிமையுள்ள பொய் தற்செயலா நாலஞ்சு மாசத்துக்கு ஒண்ணு வரும். நம்ம கையில இருக்கறது ஆறு மாசப் பதிவு." கண்ணாடியை இறக்கினார். "இது ஒண்ணுமில்ல. காலி."

யாரோ மூச்சு விட்டார்கள். யாரோ மீன்பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார்கள். அவ்வளவுதான். போன டிசம்பரில் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் இதே காலிதான் வந்திருக்கும், இதே மீனைத்தான் தின்றிருப்பார்கள், அவள் இன்றைக்கு ஹனோவரில் இருந்திருப்பாள். மிஹோவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஓகுடா நாற்காலியைத் திருப்பினான். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பட்டியலின் முதல் வரியைக் காட்டினான்.

"இதுவா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இதுக்கா ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச? செருப்பையே பாத்துப் பாத்துக் கழுத்து வளைஞ்சு போச்சு உனக்கு."

"போடா." சிரிக்கத்தான் போனாள், அழுகையும் கூடவே வந்துவிட்டது.

ஓகுடா மூங்கிலிலையைப் பிரித்து ஒரு துண்டு வெட்டி அவள் கையில் வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு கேக்கட்டா? அது நெஜமா இருக்கணும்னு நெனச்சியா?"

"தினமும்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. வேலை தைவானில் ஷின்சூவில் கிடைத்தது, இரண்டு வருஷத்துக்கு. போன முதல் வாரம், பெயர்ப் பலகைகூட இன்னும் வரவில்லை. பக்கத்து மேஜையில் ஷே போஹான் என்று ஒரு மனிதர், வாய் ஓயாதவர், எல்லோரையும் முதல் பெயரால் கூப்பிடுகிறவர். எல்லா ஆய்வகங்களும் பொதுவில் பயன்படுத்தும் நிரலை மிஹோ புதுக் கணினியில் ஏற்றி, பழக்கதோஷத்தில் மளமளவென்று தட்டி, பின்னணி தயாரிக்கச் சொன்னாள். நிரல் ஓடவில்லை. திரையில் சிவப்பாக இரண்டு வரி வந்து நின்றது.

இவாசே தடுப்பு: பூஜ்ய நகர்வைக் கேட்கிறீர்கள். பெட்டி இன்னும் மூடியிருக்கிறது.

அவள் காதுவரை சூடேறியது. அவளுடைய குடும்பப் பெயரைப் பொது நிரலில் பொறித்துவைத்தது ஓகுடாவின் வேலை. ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறான்.

ஷே எட்டிப் பார்த்தார். "ஓ, இவாசே உன்னையும் பிடிச்சுட்டாங்களா? கவலப்படாத மிஹோ, எல்லாரையும் பிடிப்பாங்க. போன மாசம் என்னைய ரெண்டு தடவ."

"யாரு இந்த இவாசே?" என்று கேட்டாள் மிஹோ.

"தெரியல. அந்தக் காலத்து ஜப்பான் புரொபசரா இருக்கும். பேரு வெச்சிருக்காங்கன்னா செத்துப் போயிருப்பாரு. ஏதோ பெரிசா கண்டுபிடிச்சிருப்பாரு."

"ஒண்ணும் கண்டுபிடிக்கல. பாக்கக்கூடாததப் பாத்துட்டாங்க, பாத்துட்டேன்னு சொன்னாங்க" என்றாள் மிஹோ.

"அவ்வளவுதானா?" என்றார் ஷே ஏமாற்றத்தோடு.

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டாள்.